டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு வரி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமங்களில், பட்டாளத்துக்குப் போய் வந்தவர் வீட்டு பீரோவில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். ‘டிஸ்சார்ஜ் புக்’ என்பார்கள். பேர், படை எண், ரேங்க், அப்பா பேர், ஊர், அங்க அடையாளம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாங்கிய மெடல் எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு இரண்டு கட்டங்களும் உண்டு. ஒன்று விலகிய காரணம், இன்னொன்று நடத்தை. பென்ஷன், கேண்டீன் கார்டு, முன்னாள் படைவீரருக்கான மருத்துவ அட்டை, அரசு வேலையில் ஒதுக்கீடு, மில்லிலோ வங்கியிலோ செக்யூரிட்டி வேலை என எதற்குப் போனாலும் எதிரில் இருப்பவர் கண் முதலில் போவது அந்தக் கட்டங்களுக்குத்தான்.

புத்தகம் கையில் கிடைப்பது ஒரு உரிமை. எந்த வகையில் வெளியேறினாலும் படைவீரருக்குச் சான்று தந்தாக வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அவருடைய தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் அது இருக்க வேண்டும். எந்த அதிகாரி வெளியேற்றினார், என்ன காரணம், மொத்தம் எத்தனை காலம் பணி என்பவை அதில் இடம்பெற வேண்டும். தமிழிலேயே எழுதித் தந்தாலும் ஒன்றுதான், காரணம் மோசமாக இருந்தால் அதை வெளியே எடுத்துக் காட்டுகிறவர் யாரும் இல்லை.

மோசத்திலும் படிகள் உண்டு. அடிமட்டம் டிஸ்மிஸல். அதற்கு ஆளானால் அதுவரை செய்த பணி அத்தனையும் பென்ஷன் கணக்கிலிருந்து போய்விடும், விதிவிலக்காகக் குடியரசுத் தலைவர் மனது வைத்தால்தான் உண்டு. அடுத்தது ‘ரிமூவல்’. அதில் கொஞ்சம் இரக்கத்துக்கு இடம் இருக்கிறது. மூன்றாவது ‘டிஸ்சார்ஜ்’. முழுப் பணியும் முடித்துக் கௌரவமாக வருகிறவரும் டிஸ்சார்ஜ்தான், ‘இனி இவர் பணி தேவையில்லை’ என்று பன்னிரண்டு வருடத்தில் அனுப்பப்பட்டவரும் டிஸ்சார்ஜ்தான். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு பணி வேண்டும் என்பதால், பின்னவருக்கு மாதாமாதம் வருவது ஒன்றும் இல்லை. ஒழுங்கீனம், திறமைக்குறைவு என்ற காரணங்களால் அனுப்பப்பட்டவரை மத்திய அரசின் 1979ஆம் ஆண்டு மறுவேலை விதிகள் ‘முன்னாள் படைவீரர்’ என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எல்லையில் எத்தனை பனிக்காலம் கழித்திருந்தாலும் சரி.

அமெரிக்காவில் இதற்கென்றே வாரியங்கள் இருக்கின்றன. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மறுஆய்வு வாரியத்துக்கு, வெளியேறிய 15 ஆண்டுக்குள் படிவம் நிரப்பி அனுப்பி, ‘என் டிஸ்சார்ஜின் தரத்தை உயர்த்துங்கள்’ என்று கேட்கலாம். நம்மூரில் அப்படி ஒரு வாரியமும் இல்லை, படிவமும் இல்லை. மனுவும் வழக்கும்தான். ஆனால் அந்த வரியை மாற்றச் சொல்லும் கோரிக்கை மட்டும் இந்தச் சட்டங்களையெல்லாம்விட வெகு பழையது.

கரிசல் சீமையில் ஆயுதம் தாங்கியவர்களைக் கூண்டோடு வேலையிலிருந்து இறக்கிய உத்தரவு 1801 டிசம்பர் முதல் தேதி வந்தது. கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பிய ஊமைத்துரையும் நவம்பரில் தூக்கிலிடப்பட்டிருந்தார். சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும் என்றது. வேலும் வாளும் துப்பாக்கியுமாகக் காவல் காத்தும் சண்டை போட்டும் பிழைத்தவர்களுக்கு அதோடு பிழைப்பு முடிந்தது. மானாவாரி மண்ணில் ஏர் பிடித்தவர்கள் உண்டு. பலர் யாரிடம் தோற்றார்களோ அந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10ஆம் தேதி விடிவதற்கு முன் எழுந்த மூன்று பட்டாளங்களில் ஒன்று, 23ஆம் ரெஜிமென்டின் இரண்டாவது பட்டாளம். அதில் திருநெல்வேலிச் சீமை ஆட்கள் நிறைய இருந்தார்கள் என்றும், பாளையப் படைகளில் இருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கிளர்ச்சிக்குக் காரணமான உத்தரவு தெரிந்ததுதான்: புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, மீசையை வெட்ட வேண்டும். கிளர்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதத்தில், அதே வேலூரில் இன்னொரு பட்டாளம் தலைப்பாகையை மறுத்திருந்தது. 21 பேர்மீது விசாரணை நடந்தது. மன்னிப்புக் கேட்ட 19 பேர் தப்பித்தார்கள். இரண்டு பேருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், தலா 900 கசையடி கொடுத்து வேலையிலிருந்தும் விரட்டினார்கள். 900 அடி வாங்கிய முதுகோடு ஊர் திரும்பியவருக்கு, தன் விலகலின் காரணத்தைத் தாளில் காட்ட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து கிளர்ச்சியை அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்றே செத்தார்கள். செப்டம்பரில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். கைதாகியிருந்த மற்றவர்களை என்ன செய்வது என்பது நீண்ட வாக்குவாதமானது. ஆளை மட்டும் தண்டித்தால் போதாது என்று, 1ஆம் ரெஜிமென்ட், 23ஆம் ரெஜிமென்ட் என்ற இரண்டு எண்களையே சென்னைப் படைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். கிளர்ச்சியில் சேராத மிச்சத்தை வைத்து 24, 25 என்று புது எண்களில் ரெஜிமென்ட்கள் 1807இல் உருவாயின. ஒரு பட்டாளத்துக்கே கொடுத்த கெட்ட டிஸ்சார்ஜ் என்று இதைச் சொல்லலாம்.

அதற்கான மேல்முறையீடுதான் இந்தக் கதையிலேயே விசித்திரமானது.

1817 நவம்பர் 26ஆம் தேதி மாலை, நாகபுரிக்கு வெளியே சீதாபல்டி என்ற இரட்டைக் குன்றில் கும்பினிப் படை மாட்டிக்கொண்டது. சுற்றிலும் அப்பா சாகிப் போன்ஸ்லேயின் பெரும்படை. குன்றில் இருந்ததோ சென்னைப் படையின் இரண்டு பட்டாளங்களும் வங்காளக் குதிரைப்படையின் மூன்று பிரிவுகளும் இன்னும் கொஞ்சம் பேரும்தான். எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். சின்னக் குன்றைக் காக்க நிறுத்தப்பட்டவர்கள் 24ஆம் ரெஜிமென்டின் முதல் பட்டாளத்தார், அதாவது பழைய 1ஆம் எண்காரர்கள். இரவெல்லாம் அராபியக் கூலிப்படை ஏறிவந்து மோதியது. தலைமை தாங்கிய கேப்டன் செத்தார். விடிந்தபோது அவர்களில் பாதிக்கு மேல் நிற்க முடியாத நிலை, வேறு ஆட்களை மாற்றி நிறுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் குன்று ஒருமுறை பறிபோய், திரும்பப் பிடிக்கப்பட்டது. இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக கும்பினித் தரப்பில் 350 பேருக்கு மேல். ஆனாலும் வெற்றி அவர்களுக்கே.

பரிசாக என்ன வேண்டும் என்ற பேச்சு வந்தபோது அந்தப் பட்டாளத்தின் இந்திய அதிகாரிகள் பணம் கேட்கவில்லை. பழைய எண்ணையும் சீருடையின் பழைய நிறத்தையும் கேட்டார்கள். கொடுக்கப்பட்டது. 1818இல் அது மறுபடியும் 1ஆம் ரெஜிமென்டின் முதல் பட்டாளம் ஆயிற்று. பின்னால் சென்னை பயனியர் படையாகி, 61 என்ற எண் பெற்று, 1933இல் கலைக்கப்படும்வரை ‘சீதாபல்டி’ என்ற போர்க் கௌரவம் அதன் பெயரோடு இருந்தது. பெருமைப்படத்தான் தோன்றும். ஆனால் வரவு செலவு பார்த்தால், வெள்ளைக்காரனுக்கு எதிராக எழுந்த குற்றத்தைத் துடைக்க வெள்ளைக்காரனுக்காக நாகபுரியில் செத்திருக்கிறார்கள். அதோடு, பட்டாளத்துக்குத்தான் எண் திரும்பியது. 1806இல் விரட்டப்பட்டு ஊர் வந்து சேர்ந்த தனி ஆளுக்கு எதுவும் திரும்பவில்லை.

தப்பே செய்யாமலும் வெளியேற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1880களில் சென்னைப் படைக்குத் தலைமை ஏற்றிருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆட்கள் சண்டைக்கு ஆகாதவர்கள் என்று முடிவு கட்டினார். அடுத்த நாற்பது வருடத்தில் தெற்கின் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. கடைசியில் மிஞ்சிய மெட்ராஸ் ரெஜிமென்டும் 1928இல் போயிற்று. ஹிட்லரின் போர் வந்து ஆள் போதாமல் போனதும் 1941இல் அதே ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். போர்க்குணம் பதின்மூன்று வருடத்தில் திரும்பிவிட்டது போலும்.

அந்தப் போர்தான் இன்னொரு வகைக் கறையையும் கொண்டுவந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பானியரிடம் சிக்கிய இந்தியச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். போர் முடிந்து பிடிபட்டவர்களை விசாரித்த பிரிட்டிஷ் அதிகாரிகள் மூன்று நிறமாகப் பிரித்தார்கள். விசுவாசம் மாறாதவர் ‘வெள்ளை’. சூழ்நிலையால் தடுமாறியவர் ‘சாம்பல்’. மனமறிந்து சேர்ந்தவர் ‘கறுப்பு’. கறுப்பு விழுந்தவர்களுக்கு டிஸ்மிஸல், சிறைப்பட்டிருந்த காலத்துச் சம்பளமும் பறிமுதல். செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவருக்கும் விதித்த நாடுகடத்தலை 1946 ஜனவரி 3ஆம் தேதி தளபதி ஆக்கின்லெக் ரத்து செய்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பணிநீக்கத்தையும் சம்பளப் பறிமுதலையும் அவர் ரத்து செய்யவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சுதந்திர இந்தியா வந்ததும் அந்த வரி மாறும் என்று எதிர்பார்த்தவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது. களங்கம் நீக்கப்படும், அரசு வேலைக்குத் தடை இருக்காது, ஆனால் இராணுவத்தில் திரும்பச் சேர்க்க மாட்டோம் என்று 1948இல் நேரு அரசு முடிவு செய்தது. படைக்குள் பிளவு வரும் என்ற அச்சம். பிரிட்டிஷ் கொடியின் கீழ் சண்டை போட்டவரும் அதை எதிர்த்துச் சண்டை போட்டவரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுவது எப்படி என்ற கவலையைப் புரிந்துகொள்ளலாம். நியாயம் என்று சொல்ல முடியாது.

கரிசல் காட்டிலிருந்து அந்தப் படைக்குப் போனவர்களின் சிக்கல் வேறு. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த தமிழர்களில் பெரும்பாலோர் மலேயாத் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் பிழைக்கப் போன சாதாரண ஆட்கள். மழை பொய்த்த வருடங்களில் தூத்துக்குடிக்கோ நாகப்பட்டினத்துக்கோ நடந்து கப்பல் ஏறியவர்கள் இந்தச் சீமையில் ஏராளம். அவர்களிடம் கெட்ட டிஸ்சார்ஜ்கூடக் கிடையாது, தாளே கிடையாது. சுதந்திர வெள்ளிவிழாவையொட்டி 1972இல் மத்திய அரசு தியாகி பென்ஷன் கொண்டுவந்து, அந்தப் படையினரையும் சேர்த்தபோது, சிறையில் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வந்தது. பதிவேடு இல்லாவிட்டால் உடன் சிறையில் இருந்தவர் சான்று தர வேண்டும். உடன் இருந்தவர் ரங்கூனில் செத்திருப்பார், அல்லது எந்த ஊர்க்காரர் என்றே தெரியாது. விண்ணப்பங்கள் பல வருடம் கிடந்தன. தாமதமாக விண்ணப்பித்தார் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கிலும், கிரிமினல் வழக்குக்குக் கேட்பதுபோல் அட்சர சுத்தமான ஆதாரம் கேட்கக் கூடாது என்று 2001இல் குர்தியால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் மனுதாரர்களில் மிச்சமிருந்தவர்களுக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது.

இனி நம் காலத்துக் கதை. அதன் பெயர் ‘ரெட் இங்க்’.

சிப்பாயின் நடத்தைத் தாளில் பெரிய தண்டனைகளைச் சிவப்பு மையில் பதிவது பழக்கம். காவலில் வைப்பது, சிறை போன்றவை அதில் வரும். சிறு குற்றத்துக்கு விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றையும் கமாண்டிங் ஆபீசரே ஒரே மேஜையில் முடித்து 28 நாள்வரை உள்ளே வைக்கலாம். அடுத்த படி ‘சம்மரி கோர்ட் மார்ஷல்’. அங்கும் கமாண்டிங் ஆபீசர் ஒருவர்தான் நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவியாக ஒருவர் உட்காரலாம். வக்கீல்போல் எழுந்து பேச அவருக்கு அனுமதி இல்லை. 1857 கலகத்துக்குப் பிறகு, சிப்பாயை அந்த இடத்திலேயே அடக்குவதற்காக வந்த ஏற்பாடு இது. டிஸ்மிஸ் செய்யும் அதிகாரமும் அதற்கு இருக்கிறது.

சிவப்பு மை எதற்கு விழுகிறது என்று பார்த்தால், திருட்டும் அடிதடியும் குடியும் உண்டு. ஆனால் அடிக்கடி வருவது ‘ஓவர்ஸ்டே’, லீவு முடிந்தும் போய்ச் சேராமல் இருப்பது. சட்டத்தில் 39ஆம் பிரிவு. வருடத்துக்கு 60 நாள் பெரிய லீவு, 30 நாள் சின்ன லீவு என்பது கணக்கு. ஜம்முவிலிருந்து கோவில்பட்டிக்கு ரயிலில் மூன்று நாள். கரிசல் மண்ணின் கணக்கோ வேறு மாதிரி. புரட்டாசிப் பட்டத்தில் உளுந்து, பாசி, பருத்தி, சோளம் என்று விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். ஈரம் இருக்கிற நாலு நாளுக்குள் ஏர் ஓட்டாவிட்டால் அந்த வருடம் போச்சு. மழை பத்து நாள் தள்ளினால் லீவும் பத்து நாள் தள்ளும். அம்மாவை பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் சேர்த்த வருடம் இன்னொரு பத்து நாள். யூனிட்டுக்குத் தந்தி போயிருக்கும், பதில் வந்திருக்காது. திரும்பிப் போனதும் ஏழு நாளோ பதினாலு நாளோ காவல், சிவப்பு மையில் ஒரு வரி. இப்படி நாலு விழுந்தால் ஆபத்து.

இந்த நாலு என்ற எண் 1988 டிசம்பர் 28ஆம் தேதி இராணுவத் தலைமையகம் எழுதிய கடிதத்திலிருந்து வருகிறது. நாலு சிவப்புப் பதிவு உள்ளவரை, இராணுவ விதிகளில் 13ஆம் விதிப்படி, விளக்கம் கேட்டு டிஸ்சார்ஜ் செய்யலாம் என்கிறது கடிதம். அதே கடிதம் இன்னொன்றும் சொல்கிறது. நாலு விழுந்துவிட்டதாலேயே அனுப்பிவிடக் கூடாது, முன்கூட்டி ஒரு விசாரணை வேண்டும், எத்தனை வருடம் பணி செய்தார், எத்தகைய கடினமான இடங்களில் இருந்தார், பென்ஷனுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதையெல்லாம் எடை போட வேண்டும். பல யூனிட்கள் முதல் பாதியை மட்டும் வாசித்தன. 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டாம் பாதியை வாசித்தது. அந்த டிஸ்சார்ஜை ரத்து செய்து, பென்ஷனுக்குத் தகுதியான காலம்வரை அவர் பணியில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று உத்தரவிட்டது. இடைக்காலச் சம்பளம் மட்டும் கிடையாது. அதன் பிறகு இந்தியா முழுக்க இதே ரகத்தில் தொடரப்பட்ட வழக்குகளுக்கு இந்தத் தீர்ப்புதான் பிடி.

நோயைக் காரணம் காட்டி அனுப்பப்பட்டவர்களுக்கு அதேபோல் ஒரு பிடி 2013இலேயே கிடைத்தது. தரம்வீர் சிங் வழக்கு. சேரும்போது மருத்துவப் பதிவில் இல்லாத நோய் பின்னால் வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது இராணுவத்தின் பொறுப்பு. ‘பரம்பரை வியாதி’ என்று ஒரு வரி எழுதிக் கைகழுவிய காலம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதற்குத் தீர்ப்பாயங்களில் இன்றும் குவிந்திருக்கும் ஊனப் பென்ஷன் வழக்குகளே சாட்சி.

தீர்ப்பாயம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். கோர்ட் மார்ஷலுக்கு எதிராக ஒரே ஒரு அப்பீல்கூட இல்லையே என்று 1982இல் பிரிதிபால் சிங் பேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் வருத்தப்பட்டது. அதுவரை இருந்தது மேலதிகாரிகளுக்கும் மத்திய அரசுக்கும் மனு போடும் வழி மட்டும். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வர இன்னும் 25 வருடம் ஆயிற்று. 2007இல் சட்டம், 2009 ஆகஸ்டில் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்கான அமர்வு சென்னையில். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் படையின் மூத்த முன்னாள் அதிகாரி ஒருவரும் சேர்ந்து உட்காருகிறார்கள். படைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்த ஒருவர் மேடையில் இருப்பது நல்லதா கெட்டதா என்பதில் வக்கீல்களுக்குள் இரண்டு கட்சி. சிப்பாய் தரப்புக்கு அது சில சமயம் உதவியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. லடாக் முகாமில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று அந்த மேடைக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் காலக்கெடு ஆறு மாதம். காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய தொகை என்பதால், தாமதித்து வந்தாலும் வழக்கை ஏற்கலாம், பாக்கி மட்டும் மூன்று வருடத்துக்கு மேல் கிடைக்காது என்று 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை தாள்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப்படை என்றால் நாசிக், சிக்னல் என்றால் ஜபல்பூர் என்று ஒவ்வொரு படைக்கும் ஒரு ரெக்கார்ட் ஆபீஸ். பென்ஷன் இல்லாமல் போனவரின் சர்வீஸ் பத்திரங்களை அங்கே 25 வருடம்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். பேரும் எண்ணும் தேதியும் உள்ள நீண்ட பட்டியல் மட்டும் மிஞ்சும். விளக்கம் கேட்டார்களா, விசாரணை நடந்ததா என்பதற்கான ஒரே ஆதாரம் எரிந்த பிறகுதான், பலருக்கு வழக்குப் போடலாம் என்பதே தெரியவருகிறது.

தூரமும் உண்டு. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலை 24ஆம் தேதி திறந்தபோது, கோவில்பட்டிக்காரர் காலை பஸ்ஸில் ஏறி நூறு கிலோமீட்டர் போய் வக்கீலைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்று ஆயிற்று. ஐந்தே வருடத்தில் தீர்ப்பாயம் வந்தது. படை சம்பந்தமான வழக்குகள் சட்டப்படி அதற்கு மாறின. வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர் ராத்திரி ரயில். 2015இல், தீர்ப்பாயத்தில் தோற்றவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது, உச்ச நீதிமன்றம்தான் என்று ஸ்ரீகாந்த் சர்மா வழக்கில் தீர்ப்பு வர, தில்லிவரை போக வசதியில்லாதவர்களுக்கு உயர் நீதிமன்றக் கதவும் அடைபட்டது. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மறுபடி திறந்துவிட்டது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பை எதிர்த்து இப்போது உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். முதல் மனுவை மட்டும் இன்றும் சென்னையில்தான் போட வேண்டும்.